முதுகுப்பை: சுமை இடம் மாறிய வரலாறு

"தன் முதுகு தனக்குத் தெரியாது" என்பது நம் முன்னோர் வாக்கு. பிறர் குறை காண்பவன் தன் குறை காணான் என்னும் பொருளில் அதனை வழங்கி வருகிறோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகக் காலை வேளைகளில் பள்ளி வாயிலில் நின்று மாணவர்களை வரவேற்கும் எனக்கோ, அப்பழமொழிக்கு இன்னொரு பொருளும் உண்டென்று தோன்றும். முதுகில் ஏறிய சுமை கண்ணுக்குப் படுவதில்லை. அது தோளை அழுத்துவதும், நடையை மாற்றுவதும், முதுகெலும்பை வளைப்பதும் பின்னால் நின்று பார்ப்பவருக்கே தெரியும்.

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறக்கும் காலத்தில் பெற்றோர் சிலர் என்னிடம், "ஐயா, பிள்ளைக்கு எந்தப் பை வாங்கலாம்? புத்தகம் சுமக்கவும் வேண்டும், மிதிவண்டியில் போகவும் வேண்டும், விடுமுறையில் மலையேறவும் உதவ வேண்டும்" என்று கேட்பதுண்டு. எளிய கேள்விதான். ஆயினும், அதற்கு நேரிய விடை கடையில் தொங்கும் விலைச்சீட்டில் இல்லை. மாந்தன் சுமை தூக்கிய வரலாற்றில் இருக்கிறது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறி, அதிலிருந்து நாம் கற்க வேண்டியவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தலையும் தோளும்

தமிழர் சுமையைப் பெரும்பாலும் தலையிலும் தோளிலுமே ஏற்றினர். தலைச்சுமைக்குச் சும்மாடு வேண்டும். துணியைச் சுருட்டி வளையமாக்கித் தலையில் வைத்து, அதன்மேல் பானையையோ விறகுக்கட்டையோ ஏற்றுவர். பாரம் ஒரே புள்ளியில் அழுத்தாமல் பரவிநிற்க அச்சிறு துணி வழிசெய்தது. இன்று விலையுயர்ந்த பைகளின் தோள்வார்களில் மெத்தை வைத்துத் தைக்கிறார்களே, அதுவும் சும்மாட்டின் தத்துவமேயன்றி வேறில்லை.

தோளில் சுமக்கக் காவுதடி இருந்தது. தடியின் இருமுனைகளிலும் சமமான பாரத்தைத் தொங்கவிட்டு நடுவே தோள்கொடுப்பது அம்முறை. காவடி என்னும் சொல்லும் அதனோடு உறவுடையதே. உரோமானியப் போர்வீரர்களும் தத்தம் மூட்டையை ஒரு தடியில் கட்டித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தனர். கி.பி. 113இல் உரோமாபுரியில் நிறுவப்பட்ட திராயன் தூணின் சிற்பங்களில் அக்காட்சியை இன்றும் காணலாம்.

நம் நாட்டிலோ இவ்வரலாறு நூலில் மட்டும் இருப்பதன்று. நம் பெற்றோரின் தோள்களில் தழும்பாகவே இருந்தது. தோட்டப்புறங்களில் பால்மரம் வெட்டியவர்கள் மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு நிறுவைக் கொட்டகைக்கு நடந்தனர். 'கண்டார்' என்னும் மலாய்ச் சொல்லே தோட்டத் தமிழில் காண்டாவாக வழங்கியது. பினாங்கில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் சோற்றையும் குழம்பையும் அவ்வாறே கம்பில் தூக்கி விற்றதனால்தான் 'நாசி கண்டார்' என்னும் பெயர் நிலைத்தது. அந்த உணவை விரும்பி உண்போர் பலர். அந்தப் பெயருக்குள் ஒரு தோள்வலி இருப்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சுமையைத் தூக்குவதைப் போலவே அதனை இறக்கிவைப்பதையும் நம் முன்னோர் எண்ணிப் பார்த்தனர். தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். இரண்டு கற்களை நிறுத்தி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தியிருப்பர். தலைச்சுமையோடு வரும் வழிப்போக்கன் பிறர் உதவியின்றித் தானே பாரத்தை இறக்கிவைத்து இளைப்பாறும் உயரத்தில் அக்கல் அமைந்திருக்கும். கருவுற்ற நிலையிலேயே உயிர்நீத்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டும் வழக்கமும் இருந்தது. இறக்கிவைக்க இயலாத சுமையோடு மறைந்தவளின் பெயரால், பிறர் சுமையை இறக்கிவைக்க ஓர் இடம்! இதனினும் உயர்ந்த பண்பாடு வேறு உண்டோ?

முதுகில் ஏறிய சுமை

தலையில் சுமப்பவன் சமநிலத்தில் நன்றாக நடப்பான். காட்டில் நடக்க இயலாது. தாழ்ந்த கிளை தட்டும். வழுக்கும் பாறையில் கை தேவைப்படும். தோளில் காவுதடி வைத்தவனோ குறுகிய ஒற்றையடிப் பாதையில் திரும்பவும் முடியாது. ஆகவே, காட்டிலும் மலையிலும் வாழ்ந்த மக்கள் உலகெங்கும் சுமையை முதுகுக்கு மாற்றினர். அவர்களுக்கு இரு கைகளும் விடுதலை பெற்றன.

1991ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட ஆல்ப்ஸ் மலைப்பகுதியில், பனிக்கட்டிக்குள் புதைந்திருந்த மனித உடலொன்று கண்டெடுக்கப்பட்டது. 'ஓட்ஸி' என்று பெயரிடப்பட்ட அம்மனிதன் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். அவனுடைய உடைமைகளுக்கிடையே வளைத்த மரக்கழி ஒன்றும் மெல்லிய பலகைகள் இரண்டும் கிடைத்தன. அவை முதுகில் சுமக்கும் பையின் சட்டமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. வேறு கருத்துடையோரும் உளர்.

அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் நாட்டுக் காடுகளில் வாழும் ஓராங் அஸ்லி மக்கள் பிரம்பால் பின்னிய கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு காட்டுப் பொருள்களைச் சேகரித்து வந்தனர். மலாய்மொழியில் அத்தகைய கூடைக்கு 'அம்புங்' என்று பெயர். சபாவின் கடசான்டூசுன் மக்கள் மூங்கில், பிரம்பு முதலியவற்றால் செய்த 'வாக்கிட்' என்னும் முதுகுக்கூடையில் விளைபொருள்களைச் சுமந்தனர். கேமரன் மலையில் தேயிலை கொய்த தமிழ்ப் பெண்களின் முதுகிலும் கூடைகள் தொங்கின. கைகள் இரண்டும் கொழுந்து கிள்ள, முதுகு பாரத்தை ஏற்றது.

ஆங்கிலத்தில் வழங்கும் 'ரக்சேக்' என்னும் சொல் செருமானிய மொழியிலிருந்து வந்தது. முதுகுச்சாக்கு என்பதே அதன் பொருள். 'முதுகுப்பை' என்று நாம் கூறுவதும் அதனோடு ஒத்த அமைப்புடையதே. பெயர் எம்மொழியில் இருந்தாலும், பாரத்தைத் தாங்கும் உறுப்பு முதுகு என்பதை அது மறைக்கவில்லை.

சுமந்தவர் யார்?

வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் இங்கே ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும். சுமை எங்கே இருந்தது என்பது ஒருபுறம் இருக்கட்டும், சுமந்தவர் யார்? 1854ஆம் ஆண்டு ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்னும் இயற்கை அறிஞர் மலாக்கா வட்டாரத்திற்கு வந்து, அக்காலத்தில் ஓஃபீர் மலை எனப்பட்ட லேடாங் மலையின்மேல் ஏறினார். அவருடைய உடைமைகளைச் சுமந்து சென்றவர்கள் மலாய்க்காரர்கள். ஏறியவர் பெயர் நிலைத்தது. சுமந்தவர் பெயர் நிலைக்கவில்லை. தன் பாரத்தைத் தானே சுமக்காத ஒருவருக்குப் பையின் வார் தோளை அறுக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும் தேவை எழுவதில்லை.

இந்நிலையைப் பள்ளிக்கூடத்தில் மாற்ற முனைந்த நாடு சப்பான். தோக்கியோவில் உயர்குடிப் பிள்ளைகள் பயின்ற கக்குஷூயின் பள்ளி, 1885ஆம் ஆண்டு ஒரு விதியை வகுத்தது. மாணவர்கள் வண்டிகளில் வந்திறங்குதலாகாது. தத்தம் பொருள்களைத் தாமே முதுகில் சுமந்து வருதல் வேண்டும் என்பதே அவ்விதி. 1887இல் இளவரசர் யோஷிஹித்தோ அப்பள்ளியில் சேர்ந்தபோது, பிரதமராக இருந்த இத்தோ ஹிரோபூமி அவருக்குத் தோலாலான முதுகுப்பை ஒன்றைப் பரிசளித்தார். படைவீரர் பையைக் குறித்த டச்சுச் சொல்லான 'ரான்சல்' என்பதிலிருந்து பிறந்த 'ரான்டொசேரு' என்னும் அப்பை, இன்றும் சப்பானியத் தொடக்கப்பள்ளி மாணவர்களின் அடையாளமாக விளங்குகிறது. பணக்காரப் பிள்ளையும் தன் புத்தகத்தைத் தானே சுமக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் பாராட்டத்தக்கது. அதே வேளையில், குழந்தையின் முதுகில் படைவீரன் பை ஏறிய நாளும் அதுவே என்பதை மறத்தலாகாது.

வலி கற்பித்த பாடம்

இன்றைய முதுகுப்பையின் வடிவத்தை உருவாக்கியவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பேராசிரியர்கள் அல்லர். தாமே சுமந்து, தாமே வலியுணர்ந்தவர்கள். அவர்களுள் மூவரை இங்கே குறிப்பிடலாம்.

முதலாமவர் நார்வே நாட்டின் ஊலே பெர்கன். வேட்டையிலிருந்து திரும்பும் வழியில், தொளதொளத்த சாக்குப்பை முதுகில் உருண்டு வலித்ததனால் அவர் சலிப்புற்றார். மரக்கிளை ஒன்றைத் தம் முதுகின் வளைவுக்கேற்ப வளைத்துப் பையோடு இணைத்துப் பார்த்தார். பாரம் ஆடாமல் நின்றது. பின்னர் உலோகக் குழாயால் சட்டம் செய்து, 1909இல் காப்புரிமை பெற்றார். பையைச் சுமப்பவன் முதுகின் வடிவத்திற்குப் பை பொருந்த வேண்டும் என்பதே அவர் கண்ட உண்மை.

இரண்டாமவர் அமெரிக்கரான லாயிட் நெல்சன். 1920இல் அலாஸ்காவில் பயணம் செய்தபோது, அந்நிலத்துப் பழங்குடியினர் பயன்படுத்திய சுமைச்சட்டமொன்றை இரவல் பெற்றுச் சுமந்தார். மரக்குச்சிகளின்மேல் கடல்நாய்த் தோலை இழுத்துக் கட்டிய சட்டம் அது. அதன் அமைப்பு நன்று. ஆனால் முதுகை உறுத்தியது. ஊர் திரும்பியவர், மரச்சட்டத்தின்மேல் கித்தான் துணியை இறுக இழுத்துக் கட்டினார். மரம் முதுகில் படாமல் துணி தடுத்தது. இடையே காற்றும் புகுந்தது. 1924இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பழங்குடி மக்களின் அறிவு கடைப்பொருளாக மாறிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

மூன்றாமவர் கலிபோர்னியாவைச் சேர்ந்த டிக் கெல்ட்டி என்னும் தச்சர். மலைப்பயணமொன்றில், பைச்சட்டத்தின் கீழ்முனைகளைக் காற்சட்டையின் பின்பைகளுக்குள் செருகிப் பார்த்தபோது, தோள்களின் பாரம் திடீரென இறங்கியதை அவரும் அவர் நண்பரும் உணர்ந்தனர். பாரம் எங்கே போயிற்று? இடுப்புக்குப் போயிற்று. உடலின் எடையை நாள்தோறும் கால்களுக்கு இறக்கிவிடும் வலிய எலும்பு இடுப்பெலும்பே அன்றோ? 1952இல் அவர் அலுமினியச் சட்டமும் இடுப்புவாரும் உடைய பைகளைத் தம் வீட்டிலேயே செய்து விற்கத் தொடங்கினார். துணிப்பகுதியைத் தைத்தவர் அவர் மனைவியார். அந்த இடுப்புவாரை நான் நடமாடும் சுமைதாங்கி என்றே சொல்வேன்.

தலையிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து இடுப்புக்கும் சுமை இறங்கிவந்த வரலாறு இதுதான். ஒவ்வொரு படியையும் இறக்கிவைத்தது, சுமந்தவனின் வலியே.

மலையிலிருந்து வகுப்பறைக்கு

பெரும்பயணத்திற்கான பை ஒருபுறம் வளர, ஒருநாள் நடைக்கான சிறுபையும் தனியே வளர்ந்தது. அதற்கு இரண்டு கண்டுபிடிப்புகள் துணைநின்றன. ஒன்று ஜிப்; கிடியன் சுண்ட்பேக் என்பவர் அதனை இன்றைய வடிவத்திற்குக் கொண்டுவந்து 1917இல் காப்புரிமை பெற்றார். மற்றொன்று நைலான், 1935இல் வாலஸ் கரோதர்ஸ் தலைமையில் அமெரிக்க ஆய்வுக்கூடமொன்றில் பிறந்தது. மழையில் நனைந்து இருமடங்கு கனக்கும் கித்தானுக்கு மாற்றாக, இலேசான, விரைவில் உலரும் துணி கிடைத்தது. 1967இல் ஜெரி கன்னிங்காம் என்னும் மலையேறி, நீர்த்துளி வடிவில் நைலான் சிறுபை ஒன்றை உருவாக்கினார். இன்றைய நாட்பையின் முன்னோடி அதுவே.

அதே 1967இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 'ஜான்ஸ்போர்ட்' என்னும் நிறுவனம் தோன்றியது. அது மலையேறுவோருக்காகச் செய்த சிறுபைகளை, 1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் விற்றனர். மாணவர்களோ மலைக்குச் செல்லாமல், புத்தகங்களை மழையிலிருந்து காக்க அப்பையை வாங்கிச் சென்றனர். சியாட்டில் மழைக்குப் பெயர்பெற்ற ஊர். அதனைக் கண்ட நிறுவனம், புத்தகப் பாரத்தைத் தாங்குமாறு பையின் அடிப்பாகத்தை வலுப்படுத்தியது. மலையின் பை வகுப்பறைக்குள் நுழைந்த கதை இவ்வாறு ஒரு மழையால் தொடங்கியது. ஆனால், வகுப்பறைக்குள் நுழைந்தபோது அது ஒன்றை மலையிலேயே விட்டுவிட்டு வந்தது. அதுதான் இடுப்புவார்.

மிதிவண்டியும் பையும்

மிதிவண்டியின் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகிறது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தாபாருவில் இறங்கிய சப்பானியப் படை, தீபகற்பத்தின் நெடுகிலும் மிதிவண்டிகளில் முன்னேறி, 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. அவ்வீரர்கள் தங்கள் உடைமைகளில் பெரும்பகுதியை வண்டியின்மேல் கட்டியிருந்தனர். நம் மக்களுக்குத் துயரம் விளைத்த அப்படையெடுப்பைப் போற்றுவது என் கருத்தன்று. சக்கரம் இருக்கும்போது முதுகு சுமக்க வேண்டியதில்லை என்னும் உண்மையை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் 1932இல் வில்ப் கரடிஸ் என்பவர் மிதிவண்டி இருக்கையின் பின்னால் தொங்கும் கித்தான் பைகளைச் செய்யத் தொடங்கியதும் இவ்வுண்மையை ஒட்டியதே.

இதனை நான் நூலில் கற்கவில்லை. 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து, நான்கு கட்டைத் தொலைவிலிருந்த பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு மிதிவண்டியில் சென்றுவந்தேன். புத்தகப்பையைக் கைப்பிடியில் மாட்டிக்கொள்வது என் வழக்கம். ஒருநாள் செம்மண் சாலையின் இறக்கத்தில் பை ஆடி முன்சக்கரத்தில் சிக்கியது. நான் வடிகாலில் விழுந்தேன், புத்தகங்களும் விழுந்தன. முழங்கால் காயம் பத்து நாளில் ஆறியது. நனைந்து ஊதிப்போன வரலாற்றுப் பாடநூலை மட்டும் அவ்வாண்டு முழுவதும் வைத்துப் படித்தேன்.

அன்று மாலை என் தந்தையார் ஒன்றும் பேசவில்லை. பழைய மிதிவண்டி டியூப் ஒன்றைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்து வார் செய்து, பையை வண்டியின் பின்தாங்கியில் வைத்து இறுகக் கட்டிக் காட்டினார். "பாரம் ஆடக் கூடாதுடா, ஆடாத பாரம் பாதிப் பாரம்" என்றார். காலையில் காண்டாக் கம்பைத் தோளில் ஏற்றி, பால் சிந்தாமல் மேடுபள்ளம் நடந்தவர் அவர். ஆடும் வாளி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். பெர்கனையும் கெல்ட்டியையும் நான் பின்னாளில் படித்தபோது, அவர்கள் கூறியது எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

இனி, பெற்றோரும் மாணவரும் கேட்ட கேள்விக்கு வருவோம். ஒரே பை மூன்று வேலைக்கும் உதவுமா? உதவும், ஆனால் அளவறிந்து தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

முதலில், பையின் கொள்ளளவைக் காண்க. கடைகளில் அதனை லிட்டரில் குறிப்பர். நாள்தோறும் பயன்படுத்த 15 முதல் 20 லிட்டர் போதும். ஒருநாள் மலைநடைக்கு 20 முதல் 30 லிட்டர் வரை வேண்டியிருக்கும். மூன்றுக்கும் ஒன்றே வேண்டுமாயின், பெரியவர்களுக்கு 20 லிட்டரை ஒட்டிய பை நடுநிலையானது. பெரிய பை வாங்கினால் இடம் மிஞ்சும் என்று எண்ணாதீர். மிஞ்சும் இடத்தை நிரப்பாமல் விடுவது மாந்தர் இயல்பன்று. மயிலிறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் உரைத்தது, பைக்கும் பொருந்தும்.

இரண்டாவதாக, முதுகின் நீளத்தை அளந்து பார்க்க. தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் புடைத்து நிற்கும் எலும்பொன்று கைக்குத் தட்டுப்படும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை உள்ள நீளமே முதுகின் நீளமாகும். உயரமானவருக்குக் குறுகிய முதுகும், குள்ளமானவருக்கு நீண்ட முதுகும் அமைவதுண்டு. ஆதலால், வயதையோ உயரத்தையோ மட்டும் கொண்டு பை வாங்குதல் தவறு.

மூன்றாவதாக, வார்களைக் கவனிக்க. தோள்வார் அகன்று, மெத்தையுடன் இருத்தல் வேண்டும். மார்புவார் இரு தோள்வார்களும் நழுவாமல் காக்கும். மிதிவண்டி ஓட்டுவோருக்கு இது இன்றியமையாதது. மலைநடைக்கு இடுப்புவார் வேண்டும். வேண்டாதபோது கழற்றவோ மடித்துவைக்கவோ கூடியதாயின் மிக நன்று. பை உடலை ஒட்டி நிற்க வேண்டும். ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதும், அதையே கையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றாகுமா? கனமான பொருளை முதுகை ஒட்டி வைக்கச் சொல்வது இதனால்தான்.

நான்காவதாக, நம் நாட்டு வானிலையை நினைக்க. ஐரோப்பியக் குளிருக்குச் செய்த பை இங்கே முதுகை வியர்வையில் நனைக்கும். முதுகுப்புறம் வலைத்துணியும் காற்றோட்டமும் உள்ளதைத் தேர்க. நைலான் துணியின் உட்புறம் நீர்புகாமல் பூசும் பூச்சு, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் ஆண்டுகள் செல்லச்செல்லப் பிசுபிசுத்து உரியும். ஆகவே, நனைந்த பையை நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே அலமாரியில் வைக்க. எந்தப் பூச்சையும் முழுதாக நம்பாமல், புத்தகங்களை ஒரு நெகிழிப்பைக்குள் இட்டு வைப்பதே நம் மாலைமழைக்கு ஏற்ற காப்பு.

ஐந்தாவதாக, வெறும் பையை மாட்டிப் பார்த்து வாங்காதீர். சில புத்தகங்களைக் கையோடு எடுத்துச் சென்று, பையில் இட்டு, கடைக்குள்ளேயே சிறிது நேரம் நடந்து பார்க்க. மிதிவண்டிக்கு வேண்டுமாயின் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்க. பை தலைக்கவசத்தில் இடித்தால் அது உமக்கு உரியதன்று. நெடுந்தொலைவு மிதிப்பதாயின், பை எத்துணை நல்லதாயினும் அதனைப் பின்தாங்கியில் கட்டிவிடுக. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதையும் மறவாதீர்.

இறக்கிவைக்க இயலாதவர்

இவை யாவும் பெரியவர்களுக்கு. அவர்கள் பையைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். கனத்தால் சிலவற்றை எடுத்து வெளியே வைக்கலாம். வலித்தால் பாதையோரம் அமரலாம். ஒன்பது வயதுப் பிள்ளையோ இவற்றுள் எதையும் செய்ய இயலாது. அதன் பையைத் தேர்ந்தெடுப்பவர் பெற்றோர். அதனுள் இருப்பவற்றைத் தீர்மானிப்பவர் நாம். பெர்கன் தம் வலிக்குத் தாமே மருந்து கண்டார். பிள்ளைகளின் வலிக்கு யார் காண்பது?

1989இல் இந்திய நாடாளுமன்ற மேலவையில் எழுத்தாளர் ஆர். கே. நாராயண் பேசியபோது, குழந்தைகளின் புத்தகப்பைப் பாரத்தையே பேசுபொருளாக எடுத்துக்கொண்டார். அவர் எழுப்பிய கவலை, அறிவியலாளர் யஷ்பால் தலைமையில் ஒரு குழு அமைய வழிகோலியது. 1993இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பையின் பாரத்தினும் புரியாமல் கற்கும் பாரமே கொடிது என்று சுட்டியது. 2020இல் இந்தியா வகுத்த கொள்கை, பையின் எடை பிள்ளையின் உடல் எடையில் 10 விழுக்காட்டை மீறலாகாது என்று பரிந்துரைத்தது. அவ்வளவையின்படி, 24 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 2.4 கிலோ. வெறும் பையே ஒரு கிலோ இருந்தால், புத்தகத்திற்கு எஞ்சுவது எவ்வளவு என்பதை ஆசிரியர்கள் கணக்கிட்டுக்கொள்ளலாம். நம் நாட்டிலும் 2022இல் கல்வி அமைச்சு பைப்பாரத்தைக் குறைக்கும் வழிமுறைகளை அறிவித்தது.

உருளைப்பை இருக்கிறதே என்பர் சிலர். சமதரையில் அது நன்று. மூன்றாம் மாடியில் வகுப்பிருக்கும் பிள்ளை, சக்கரங்களின் எடையையும் சேர்த்து அதனை ஒரு கையால் படிப்படியாகத் தூக்கி ஏறுவதை நான் நாள்தோறும் காண்கிறேன்.

ஆசிரியத் தோழர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. கால அட்டவணையைக் கையில் எடுங்கள். ஒரே நாளில் எத்தனைப் பாடநூல், எத்தனைப் பயிற்சிநூல், எத்தனைக் குறிப்பேடு என்று எண்ணுங்கள். வகுப்பிலேயே வைக்கக் கூடியவற்றை வைக்க ஓர் அலமாரியை ஒதுக்குங்கள். நாளைக்கு வேண்டாத நூலை இன்று மாலை பையிலிருந்து எடுத்துவைக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்பியுங்கள். மாதத்தில் ஒருநாள், மாணவர் ஒருவரின் பையை வாங்கி உங்கள் தோளில் மாட்டிக்கொண்டு, அவரோடு படியேறிப் பாருங்கள். வரலாறு முழுவதும், சுமந்தவர்கள்தாம் பாரத்தைக் குறைக்கும் வழியைக் கண்டார்கள். நாமும் சிறிது சுமந்தால் நமக்கும் வழி தெரியும்.

நம் முன்னோர் முன்பின் அறியாத வழிப்போக்கனுக்காகச் சாலையோரத்தில் கல் நாட்டினர். நம் கண்முன்னே நாள்தோறும் நடந்துவரும் பிள்ளைகளுக்காக நாம் நாட்ட வேண்டிய சுமைதாங்கி, வகுப்பறையின் மூலையில் வைக்கும் ஓர் எளிய அலமாரிதான்.